ஒன்றுமே இல்லாத கிறீம்

வெயில் ஏறத் தொடங்கிய கிழமை அது. காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும். நான் இரண்டாவது இடியப்பத்தில் கை வைக்கும்போது அலுமாரிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம்.

நான் அசையவில்லை. இந்த வீட்டில் எது விழுந்தாலும் முதலில் சந்தேகப்படுவது என்னைத்தான். ஆகவே கையைச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே வைத்துக்கொண்டு, நான் ஒன்றும் செய்யவில்லை என்ற முகத்தோடு இருந்தேன்.

சுகந்தி போய் அலுமாரியைத் திறந்தாள். கிறீம் போத்தல் ஒன்றின் மூடி தானாகவே கழன்று தட்டின் ஓரத்தில் கிடந்தது. போத்தலுக்குள் கிறீம் நுரைத்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

கள்ளு மணம். பனங்கள்ளு என்றே சொல்லலாம்...

சுகந்தி என் மனைவி என்பதை வழமையான வாசகர்கள் அறிவீர்கள். அவள் வங்கி வேலையை விட்டுவிட்டுப் பாலையூற்றில் எங்கள் வீட்டுக் குசினியில் கற்றாழைக் கிறீம் செய்வதை இதுவரை நான் எழுதவில்லை. எழுதினால் விளம்பரம் என்பீர்கள். அவளுக்கு ஒரு பங்காளி உண்டு. பரீதா. நகரத்தில் பெண்களுக்கான சலூன் நடத்துகிறவர். சுகந்தி செய்வாள், பரீதா விற்பார். லேபலில் ஒரு கற்றாழை மடல் படம். கீழே, 'இயற்கையானது. எந்த மருந்தும் சேர்க்கப்படவில்லை.'

அந்த இரண்டாவது வசனத்துக்காகத்தான் சனம் வாங்கியது. கற்றாழை எல்லார் வளவிலும் நிற்கிறதே! மருந்தில்லாமையை எங்கே பிடுங்குவது?

அன்று பரீதா வந்ததும் கள்ளுப் போத்தலைப் பார்த்து மூவரும் சிரித்தோம். கிறீமை விட்டுவிட்டு இதையே விற்கலாம் என்றேன் நான். பரீதா, தான் ஹராமான வியாபாரத்துக்கு வரமாட்டேன் என்றார். அத்தோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தோம்.

சிரிப்பு சனிக்கிழமை வரைக்கும்தான் நீடித்தது.

சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் ராசாத்தி என்று ஒரு பெண். கடற்கரையில் மீன் ஏலத்தில் எடுத்து வந்து நகரத்தில் வீடு வீடாக விற்பவர். எங்கள் வீட்டுக்கும் அவர்தான். சுடு மணலும் உப்புத் தண்ணீருமாக நடந்து நடந்து குதிக்காலெல்லாம் பித்தவெடிப்பு. சுகந்தி அவருக்கு ஒரு போத்தல் கிறீம் கொடுத்திருந்தாள். அந்த மனுசி பக்தியோடு பூசியிருக்கிறார். ஒரு கிழமையாக மீன் வரவில்லையே என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது – கால் வீங்கி, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மறித்துவிட்டார்களாம்.

நாங்கள் போனோம். பரீதாவும் வந்தார். காலில் பெரிய கட்டு. வெடிப்புக்குள்ளால் கிருமி போயிருக்கிறது என்று டொக்டர் சொன்னாராம். என்ன பூசினீர்கள் என்றும் கேட்டாராம். கிறீமால்தான் வந்ததென்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வெடித்த காலோடு மணலிலும் மீன் தண்ணீரிலும் நடப்பவருக்குக் கிருமி எங்கேயிருந்தும் வரலாம் அல்லவா?

சுகந்தி கட்டிலருகே நின்றாள். ராசாத்தியே பேச்சைத் தொடங்கினார்.

"உங்கட கிறீம் நல்லது பிள்ளை. என்ர கால்தான் சரியில்லை. வரேக்க இன்னொரு போத்தல் கொண்டு வாங்கோ. அது முடியப் போகுது."

ராசாத்தியின் தலைமாட்டில் இருந்த மிச்சப் போத்தலை, புதிது தருவதாகச் சொல்லி சுகந்தி வாங்கி வந்திருந்தாள். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தாள். மூடியின் உட்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. நகத்தளவு கூட இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே கதிரையில் உட்கார்ந்தவள் பொழுதுபடும் வரை எழும்பவில்லை.

அடுத்த நாள் சலூனில் இருந்த போத்தல் எல்லாவற்றையும் திருப்பி எடுத்தார்கள். வாங்கிக்கொண்டு போனவர்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் எடுத்துப் பூச வேண்டாம் என்றார்கள். சிலர் கோபப்பட்டார்கள் – கிறீம் கெட்டதற்காக அல்ல, திருப்பிக் கேட்டதற்காக.

பிறகு சுகந்தி தன் அண்ணாவுக்குப் போன் எடுத்தாள்.

என் மச்சான் ரவி, கொழும்பில் சோப்பும் கிறீமும் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இரசாயனவியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் யாரும் அந்தத் துறையைப் பற்றிக் கேள்வி கேட்டு வருடக் கணக்காகிறது. கேட்டதும் மனிதர் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். வந்து இறங்கும்போது உடுப்புப் பை சிறியது, மாதிரிப் போத்தல் பை பெரியது.

அவர் சொன்னதன் சாரம் இது. தண்ணீர் இருக்கும் எதிலும் கிருமி வளரும். கற்றாழை என்பது முக்கால்வாசிக்கும் மேலே தண்ணீர். திருகோணமலை வெயிலில் அதைப் போத்தலில் அடைத்து வைத்துவிட்டு 'மருந்தில்லை' என்று எழுதுவது, கிருமிகளுக்கு அழைப்பிதழ் அடிப்பது மாதிரி. கெடாமல் இருக்க ஒரு பிரிசர்வேட்டிவ் போடத்தான் வேண்டும். இவை இவை போடலாம், இந்த அளவு போடலாம் என்று நாடுகள் அனுமதிப் பட்டியல் வைத்திருக்கின்றன. நீளமான பட்டியல்.

"அவ்வளவு இருந்தால் ஒண்டை எடுத்துப் போட வேண்டியதுதானே?" என்றேன் நான். தெரியாத விடயத்தில் விரைவாகத் தீர்வு சொல்வது பத்திரிகையில் பத்தி எழுதுபவர்களின் தொழில் நோய்.

மச்சான் ஒரு சின்னப் போத்தலைத் திறந்து என் மூக்கடியில் பிடித்தார். ஒரு கிழமை தோய்க்காத பெனியன் மணம். நான் தலையைப் பின்னுக்கு இழுத்தேன். இதுவும் அனுமதிக்கப்பட்டதுதான் என்றார். நல்லாக வேலை செய்யுமாம், ஆனால் முகத்தில் பூச யார் வருவார்கள்?

அடுத்தது மணமே இல்லாதது. எங்கள் முகம் மலர்ந்தது. ஆனால் அது புளிப்பான இடத்தில் மட்டுமே வேலை செய்யுமாம். சுகந்தியின் கிறீமில் அந்தளவு புளிப்பில்லை. அங்கே அது போத்தலுக்குள்ளேயே படுத்து நித்திரை கொள்ளுமாம்.

மூன்றாவது பெரிய வீரன். எந்தக் கிருமியையும் விடாது. அதைச் சுகந்தி ஒரு கரண்டி கிறீமில் கலந்து பார்த்தாள். கிறீமில் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கப் போட்டிருந்த சோப்பு மாதிரிப் பொருளோடு அது சண்டை பிடித்து, எங்கள் கண் முன்னாலேயே கிறீம் திரைந்த பாலாகப் போனது. கிருமியையும் கொன்றது, கிறீமையும் கொன்றது!

இன்னொன்று பூசிக் கழுவும் சாமான்களுக்கு மட்டும். பூசியபடி விட்டால் சிலருக்குத் தோல் சிவந்து கடிக்கும். வேறொன்று கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வாயுவை விடும் – பிரேதம் கெடாமல் வைக்கப் பாவிக்கும் அதே சாமான். மிகச் சிறிய அளவுதான், ஆனால் பிரேதம் என்ற சொல்லைக் கேட்ட பிறகு யார் வாங்குவார்கள் என்று கேட்டுக்கொண்டே மூடியை இறுக்கினார். பாதரசம் கலந்த ஒன்று கூட, சில நாடுகளில் கண்ணுக்குப் பூசும் சாமானுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு, பட்டியலின் ஒரு மூலையில் நெடுங்காலம் இருந்ததாம். கண்ணுக்கு மட்டும்... எவ்வளவு கருணை!

"அனுமதி எண்டால் கலியாணம் கட்டலாம் எண்டதுதான். கட்ட வேணும் எண்டில்லை," என்றார் மச்சான்.

தரகர் கொண்டு வரும் மாப்பிள்ளைகள் மாதிரித்தான். எல்லாருக்கும் தகுதி உண்டு. ஒருவருக்கு மணம், ஒருவருக்குக் குணம், ஒருவர் குடும்பத்தோடு ஒத்துப் போகமாட்டார். கடைசியில் ஊரிலுள்ள எல்லாக் கிறீமும் அதே இரண்டு மூன்று பேரைத்தான் கட்டுகின்றன.

அப்படியானால் எங்கள் கிறீமுக்கு யார்? மச்சான் பையின் அடியிலிருந்து ஒரு வெள்ளைத் தூளை எடுத்தார். மணமில்லை. நிறமில்லை. கிறீமோடு சண்டையில்லை. அதிகம் ஆராயப்பட்டவற்றில் ஒன்று. பரபென் என்று பெயர் சொன்னார்.

பரீதாவின் முகம் மாறியது. அந்தப் பெயரைத் தன் போனில் எத்தனையோ வீடியோக்களில் கேட்டிருக்கிறார். புற்றுநோய் வரும் என்பது அதுதானே என்று கேட்டார்.

மச்சான் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஒரு காலத்தில் அப்படியொரு சந்தேகம் வந்தது உண்மை. தேடிப் பார்த்தார்கள். அந்தக் குடும்பத்தில் சில பேரைச் சில நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேற்றின. மிச்சப் பேரை, அனுமதித்த அளவுக்குள், பாவிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்த செய்தி உலகம் சுற்றியது. பிறகு வந்த செய்தி பஸ்ஸைத் தவறவிட்டது. பரபென்னுக்குப் பயந்து ஓடியவர்களில் கொஞ்சப் பேர் போய்ப் பிடித்தது, அந்தத் தோல் சிவக்க வைக்கும் சாமானைத்தான்.

நிறைய யோசித்து, சுகந்தி அந்த வெள்ளைத் தூளையே போட்டாள். மச்சான் அளவு பார்த்துக் கொடுத்தார். லேபலில் 'எந்த மருந்தும்' வசனத்தை எடுத்துவிட்டு அதன் பெயரை அடித்தாள். முதல் போத்தலோடு ராசாத்தியைப் பார்க்கப் போனாள். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, கால் ஆறி, மெல்ல நடக்கத் தொடங்கியிருந்தார். இதில் கெடாமல் இருக்க மருந்து போட்டிருக்கிறது என்று சுகந்தி சொல்லியிருக்கிறாள்.

"அப்ப முந்தினதில ஏன் போடேல்லை?" என்று கேட்டாராம் ராசாத்தி. கோபமாக அல்ல. தெரிந்துகொள்ளத்தான்.

வீட்டுக்கு வந்து சுகந்தி அந்தக் கேள்வியை அப்படியே எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

இந்த நேரத்தில்தான் நிலாவெளி ஹோட்டல் மனேஜர் வருகிறார். வெள்ளைக்காரர் வரும் சீசன் தொடங்குகிறது. உள்ளூர்க் கிறீம் ஒன்று அறைகளில் வைக்க வேண்டும், கடைத் தட்டிலும் வைக்க வேண்டும். பரீதாவின் சலூன் வாசலில் நின்று கையில் பூசிப் பார்த்தார், பிடித்துக்கொண்டது. ஒரேயொரு நிபந்தனை. லேபலில் 'பிரிசர்வேட்டிவ் இல்லை' என்று ஆங்கிலத்தில் போட வேண்டும். உதாரணத்துக்கு வெளிநாட்டுப் போத்தல் ஒன்றையும் தந்துவிட்டுப் போனார். அதிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

மச்சான் கண்ணாடியைக் கழற்றி, போத்தலைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளை வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருக்குச் சிரிப்பு வந்தது. பட்டியலில் உள்ள ஒன்றைப் போட்டால் அதைப் பிரிசர்வேட்டிவ் என்று சொல்ல வேண்டும். ஆனால் அதே வேலையைச் செய்கிற, பட்டியலில் இல்லாத சாமான்கள் இருக்கின்றன. ஒன்று வாசனை என்ற பெயரில் வரும். ஒன்று தோலை மெதுமையாக்குவது என்ற பெயரில் வரும். உள்ளே போய் அவையும் கிருமியைத்தான் கொல்லும். ஆனால் லேபலில் பிரிசர்வேட்டிவ் இல்லை!

இப்போது விளங்குகிறதா? அனுமதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றை ஏன் ஒருவரும் தொடுவதில்லை என்பதற்குப் பெரிய காரணம் மணமுமில்லை, குணமுமில்லை. அனுமதிக்கப்பட்டதுதான் காரணம். பரிசோதித்து, அளவு குறித்து, பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர் எழுதப்பட்டவனைத்தான் எல்லாரும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். எழுதப்படாதவன் பின்கதவால் வந்து முன் கதிரையில் இருந்துவிடுவான். இந்த ஊரில் கொஞ்சக் காலம் வாழ்ந்தவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

நாமும் அப்படிச் செய்யலாமா என்று பரீதா கேட்டார். செய்யலாம், சட்டப்படி பிழையென்று சொல்ல ஏலாது என்றார் மச்சான்.

சுகந்தி மாட்டேன் என்றாள்.

"நாம பொய் சொல்லல்லயே அக்கா. லேபல்ல உள்ளது உண்மதானே?" என்றார் பரீதா.

"உண்மைதான் பரீதா. ராசாத்தி அக்கா திருப்பி ஒருக்கா ஏனெண்டு கேட்டா, அந்த உண்மையைச் சொல்லுவீங்களோ?"

பரீதா கைப்பையை எடுத்தார், வாறன் என்றும் சொல்லாமல் போனார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. போத்தல்களைத் திருப்பி எடுத்தபோது பேச்சு வாங்கியது அவர்தான். ஊர் அறிந்த கடை அவருடையது. எங்கள் குசினிக்கு லேபல் இல்லை.

அதன்பின் இரண்டு பேரும் கதைக்கவில்லை. தினம் நாலு தடவை அடிக்கும் போன் அடிக்கவில்லை. சுகந்தி ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் வீட்டைக் கழுவினாள். துடைத்த இடத்தைத் திரும்பத் துடைத்தாள். நான் குறுக்கே போகாமல் இருந்தேன். இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்ட ஒரே பாதுகாப்பு முறை அது.

பரீதா சும்மா இருக்கவில்லை. கொழும்புக்குத் திரும்பிவிட்ட மச்சானிடம் போனில் கேட்டு, வாசனை என்ற பெயரில் வரும் சாமானை எடுப்பித்து, சலூனின் பின்னறையில் தானே ஒரு தொகுதி கிறீம் செய்திருக்கிறார். அந்தச் சாமானுக்கு ரோசாப்பூ மணம். லேசாகப் போட்டால் லேசான மணம். ஆனால் கிருமி சாக வேண்டுமென்றால் லேசாகப் போட முடியாதே...

ஒரு பின்னேரம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பரீதா இறங்குவதற்கு முன்னமே அவரது மணம் இறங்கிவிட்டது. ஒரு கலியாண வீட்டுப் பன்னீர்ச் செம்பு முழுவதையும் தலையில் கவிழ்த்த மாதிரி. எங்கள் பூனை எழும்பி வெளியே போனது.

கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்தார். சுகந்தியைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"மனேஜர் வேணாமெண்டுட்டாரு. வெள்ளைக்காரருக்கு வாசனையும் ஆகாதாம். பிரிசர்வேட்டிவ் இரிக்கப்படாது, வாசனை இரிக்கப்படாது, அற்ககோல் இரிக்கப்படாது. ஆனா நீச்சல் குளத்துக்குப் பக்கத்துல வெயில்ல ஒரு வருசம் இரிக்கணும். அவருக்கு ஒண்டுமே இல்லாத கிறீம் வேணுமாம் அக்கா."

முதலில் சிரித்தது சுகந்திதான். பிறகு பரீதா. பிறகு இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் – சிரிப்பால் என்று இருவரும் சொன்னார்கள். நான் நம்பினேன் என்று நானும் சொன்னேன்.

மச்சானுக்குப் போன் போட்டோம். ஒன்றுமே இல்லாத கிறீம் என்று உலகத்தில் ஒன்று உண்டா? இருக்கிறதே என்றார். தண்ணீர்தானே பிரச்சினை, தண்ணீரை எடுத்துவிடுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் கிருமிக்கு வாழ்க்கையில்லை, பிரிசர்வேட்டிவுக்கும் வேலையில்லை.

தண்ணீரை எடுத்தால் கற்றாழையும் போய்விடும். மிஞ்சுவது எண்ணெய். தேங்காயெண்ணெய். கொஞ்சம் தேன்மெழுகு.

அப்படியே உருக்கி, ஆறவிட்டு, அழகான சின்னப் போத்தலில் அடைத்தார்கள். லேபலில் 'பிரிசர்வேட்டிவ் இல்லை, வாசனை சேர்க்கவில்லை, அற்ககோல் இல்லை, தண்ணீரும் இல்லை' என்று அடித்தார்கள். ஒரு சொல் கூடப் பொய்யில்லை. மனேஜருக்குக் கண்ணில் நீர் வராத குறை. வெள்ளைக்காரர் அதை வாங்கிக் காலிலும் கழுத்திலும் பூசிக்கொண்டு கடற்கரையில் கிடக்கிறார்களாம். எங்கள் வீட்டில் அதே சாமானைத் தலைக்கு வைக்கவும் தோசைக்கல்லுக்குத் தடவவும் பாவிக்கிறோம். லேபல்தான் ஒட்டவில்லை.

ஆனால் உள்ளூரில் ஒருவர் கூட அதை வாங்கவில்லை. தேங்காயெண்ணெய்க்குச் சலூனுக்கு வர வேண்டுமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்குக் கிறீம்தான் வேண்டும். பரீதா இப்போது அதை எடுத்துக் காட்டும்போதே சொல்லிவிடுகிறார் – இதில் மருந்து இருக்கிறது, பெயர் பின்னால் இருக்கிறது, இல்லாவிட்டால் புழுப்பிடிக்கும். கேட்ட பலர் வைத்துவிட்டுப் போகிறார்கள். சிலர் வாங்குகிறார்கள். முன்பு போல விற்பனை இல்லை. ஆனால் போத்தல் எதுவும் திரும்பி வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மனேஜர் எங்கள் வீட்டுக்கே வந்தார். எண்ணெய்ப் போத்தல் பெட்டிகளைக் காரில் ஏற்றினார். ஏற்றிய பிறகும் போகாமல் வாசலில் நின்றார். ஏதோ சொல்ல வருகிறார் என்று தெரிந்தது.

கற்றாழைக் கிறீமில் இரண்டு போத்தல் கிடைக்குமா என்று கேட்டார். வீட்டுக்காம். மனைவிக்காம்.

"இதில பிரிசர்வேட்டிவ் இருக்கு, தெரியுந்தானே?" என்றாள் சுகந்தி.

அதனால்தான் கேட்பதாகச் சொன்னார். பிரிசர்வேட்டிவ் இல்லாதது என்று எழுதிய வேறொரு கிறீமை வாங்கி வைத்துப் பூஞ்சணம் பிடித்து, மனைவி அதை அவர் தலையில் எறியாத குறையாம்.

கொண்டு போகும்போது லேபல் வெளியே தெரியாமல் இருந்தால் நல்லது என்றார். ஹோட்டலில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நான் உள்ளே போய், கையில் அகப்பட்ட பழைய பத்திரிகையில் இரண்டையும் சுற்றிக் கொடுத்தேன். அவர் போன பிறகுதான் ஞாபகம் வந்தது, அது என்னுடைய பத்தி வந்த பக்கம்.

அந்தப் பொதியில் பிரிசர்வேட்டிவ் இல்லாத ஒரே சாமான் அதுதான்.